"போகலாமா?" என்று கேட்ட அரைமணியில்: இருவராகப் போகும் பனிக்காலக் கார் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் கணவரும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில முறை இப்படிக் கிளம்பிவிடுவோம். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டு "போகலாமா?" என்பார். மற்றவர் அதற்குள் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பார். திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

திடீர்ப் பயணம் என்கிறீர்களே, உண்மையில் எவ்வளவு திடீர்?

முடிவெடுத்ததிலிருந்து கார் நகரும் வரை அரைமணி. ஆனால் இதில் ஒரு சின்ன ஏமாற்று வேலை இருக்கிறது. எங்கே போவது, என்ன விளையாடுவது, எங்கே படுப்பது எல்லாம் கடைசி நேரத்தில்தான் முடிவாகும். காரின் நிலை, டிக்கியில் இருக்கும் பெட்டி, எந்த நிலைமையில் திரும்புவது ஆகிய மூன்றும் முதல் உறைபனி விழும் முன்பே முடிவாகியிருக்கும். பின்னதைச் செய்து வைத்திருப்பதால்தான் முன்னதில் இவ்வளவு சுதந்திரம். ஒன்றுமே செய்யாமல் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலரை மலைப்பாதை ஓரத்தில், தேய்ந்த டயரோடு, கைபேசியைக் காதில் வைத்தபடி பார்த்திருக்கிறோம். ஒரு வருடம் நாங்களே அப்படி நின்றோம்.

டிக்கிப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது?

மடக்கும் மண்வாரி, பனி செதுக்கும் சுரண்டி, நீளக்கைத் துடைப்பம், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, டயர் செயின் (பனியில் பிடிமானத்துக்காகச் சக்கரத்தைச் சுற்றி மாட்டும் சங்கிலி), தலையில் மாட்டும் விளக்கு இரண்டு, இரண்டு கம்பளி, ஒரு தடித்த தூக்கப்பை, முதலுதவிப் பை, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி, தீப்பெட்டி, உறைந்தாலும் கடிக்க முடிகிற தின்பண்டம். இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில சாக்லேட் கட்டிகள் மைனஸ் 15 டிகிரியில் கல்லாகிவிடும். பல்லுக்கு நல்லதில்லை.

இவற்றோடு ஒரு மூட்டை கரடுமுரடான மணல். சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும்போது அதன் அடியில் தூவினால் பிடிமானம் கிடைக்கும். மணல் இல்லையென்றால் காரின் கால்மிதிகளையே சக்கரத்தின் முன்னால் போடலாம். கால்மிதி பின்பக்கம் பறந்து போகும் என்பதால் யாரும் காருக்குப் பின்னால் நிற்கக்கூடாது.

பூட்டு உறைநீக்கித் திரவத்தைக் காருக்குள் வைக்காதீர்கள். பூட்டு உறைந்து கதவு திறக்காத காலையில், கண்ணாடி வழியாக அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. இப்போது அது என் மேலங்கிப் பையில் இருக்கிறது.

எல்லாப் பருவத்துக்குமான டயர் போதாதா?

லேசான குளிருக்குப் போதும். மலைக்குப் போதாது. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையைக் கவ்வாது. குளிர்கால டயரின் ரப்பர் கலவை குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறினாற்போல நிறைய மெல்லிய வெட்டுகள் இருக்கும், பனியைக் கடிப்பவை அவைதான். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம் ப்ளஸ் எஸ் (ஆங்கிலத்தில் சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) எழுத்து மட்டும் இருந்தால் அது பனியில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டம் அனுமதித்தாலும் நாங்கள் மலையேற மாட்டோம்.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். சமவெளியில் இதமான மதியத்தில் நிரப்பிய காற்று, மலைமேல் விடியற்காலையில் நான்கு பிஎஸ்ஐ குறைந்திருப்பது சகஜம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்தானே என்று சிலர் கேட்பார்கள். கிளம்பவும் ஏறவும் அது உதவும். நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்குத்தான்.

செயின் மாட்டுவது கஷ்டமா?

வீட்டு வாசலில் வெயிலில் மாட்டினால் இருபது நிமிட வேலை. பனிக்காற்றில், இருட்டில், கையுறையோடு மாட்டினால் அது வேறு கதை. எங்கள் முதல் செயினை நாங்கள் பெட்டியிலிருந்து பிரித்ததே சாலையோரத்தில்தான். கால்மிதியை விரித்து அதன்மேல் அவர் படுத்துக்கொண்டார். நான் தலைவிளக்கைப் பிடித்தேன். உள்பக்கக் கொக்கி டயருக்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவித்தான் மாட்ட வேண்டும். கையுறையோடு விரலுக்கு உணர்வு இல்லை. கையுறையைக் கழற்றினால் உலோகம் விரலைச் சுடுவதுபோல ஒட்டுகிறது. ஒரு கொக்கி, ஊதி ஊதிக் கையைச் சூடாக்குதல், அடுத்த கொக்கி. முக்கால் மணி நேரம் ஆனது. மாட்டி முடித்து நூறு மீட்டர் போனதும் கடகடவென்று சத்தம். செயின் தளர்ந்துவிட்டது. இறங்கி மறுபடி இறுக்க வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை மறுநாள்தான் படித்தோம்.

ஆகவே ஒரு முறையாவது காய்ந்த தரையில் மாட்டிப் பழகுங்கள். மெல்லிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி செயின் பையிலேயே இருக்கட்டும். முன்சக்கர இயக்கம் என்றால் முன்சக்கரத்தில், பின்சக்கர இயக்கம் என்றால் பின்சக்கரத்தில் மாட்டுவதுதான் பொது விதி. நான்கு சக்கர இயக்கத்துக்குக் காரின் கையேட்டைப் பாருங்கள். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாலையும் டயரும் செயினும் மூன்றும் பாழ்.

பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

வெள்ளையாகத் தெரியும் பனிக்கு அல்ல. தெரியாத பனிக்கு. கறுப்பு ஐஸ் என்பது சாலையின் மேல் படியும் கண்ணாடி போன்ற மெல்லிய படலம். ஈரமான தார் போலவே தெரியும். வெளி வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே போனதும் எங்கள் காரில் ஒரு சின்ன மணி ஒலிக்கும், அந்த மணி ஒலித்தால் பேச்சு குறைந்துவிடும். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் மேலும் கீழும் காற்று. வெயில் படாத வளைவுகள் நண்பகலிலும் உறைந்தே இருக்கும். டயர் சத்தம் திடீரென அடங்கி, ஸ்டியரிங் லேசாகிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதன்மேல் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது எதையும் வெடுக்கென்று செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், போக வேண்டிய திசையைப் பாருங்கள். பார்வை போகும் பக்கம் கை தானாகப் போகும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள்.

உப்பு தூவிய சாலைதானே என்று நம்பியும் இருக்க முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். கடுங்குளிர் இரவில் சாலை வெள்ளை பூத்திருந்தாலும் வழுக்கும்.

மற்றபடி, பனியில் முன்கார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். ஐஸில் நிற்க ஆகும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு வரை போகலாம். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கீழ் கியரில் இறங்குங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள காரில் அவசரத்துக்குப் பிரேக்கை அழுத்தினால் கால் அதிரும். பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்தியே வைத்திருங்கள்.

மின்சாரக் காரில் போகலாமா?

போகலாம், கணக்கை மாற்றிக்கொண்டு. கடுங்குளிரில், ஹீட்டரும் ஓடும்போது, ஒரு சார்ஜுக்குக் கிடைக்கும் தூரம் 20 முதல் 40 சதவீதம் வரை குறையலாம். கிளம்பும் முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே காரையும் பேட்டரியையும் சூடாக்கிவிடுங்கள். அறை முழுவதையும் சூடாக்குவதைவிட இருக்கையைச் சூடாக்குவது மலிவு.

டீசல் காருக்கும் ஒரு சொல். கோடைக்கால டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்பார்கள். சமவெளியில் முழுத் தொட்டி நிரப்பிக்கொண்டு மேலே ஏறாமல், மலையடிவாரத்தில் நிரப்புங்கள். எந்தக் கார் ஆனாலும் பாதித் தொட்டிக்குக் கீழே நாங்கள் விடுவதில்லை.

பனியில் கார் சிக்கிக்கொண்டால்?

காரிலேயே இருங்கள். நடந்து உதவி தேடப் போனவர்கள்தான் பெரும்பாலும் ஆபத்தில் முடிகிறார்கள். கார் பெரியது, தேடுபவர் கண்ணில் படும், காற்றையும் தடுக்கும்.

முதல் வேலை, சைலன்சர் குழாயைச் சுற்றிய பனியை வாரி எடுப்பது. அது அடைபட்டிருக்க எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கம் என்று தொடங்கி அப்படியே முடித்துவிடும். மணிக்குப் பத்து நிமிடம் போல எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிவிட்டு அணையுங்கள். ஓடும் நேரத்தில் காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். பனி கொட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் குழாயைப் போய்ப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டாம்.

செலவை மிச்சம் பிடிக்கக் காரிலேயே தூங்கலாமா?

தகுந்த தூக்கப்பை இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு, தூங்கலாம். எஞ்சினோ கேஸ் அடுப்போ ஓடத் தூங்கக்கூடாது. காலையில் உங்கள் மூச்சு முழுக்க ஜன்னலின் உள்பக்கம் ஐஸாக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டினால் மடியில் பனி பெய்யும். ஒரு முறை செய்து பார்த்தோம். போதும்.

முன்பதிவே இல்லாமல் அறை கிடைக்குமா?

பள்ளி விடுமுறை வாரங்களிலும் சனி இரவிலும் சறுக்குத்தளத்தின் வாசலிலேயே கிடைக்காது. நாங்கள் தளத்திலிருந்து அரைமணித் தொலைவில், அடிவாரத்து ஊரில் தேடுவோம். மாலை நான்கு மணிக்குள் அறை உறுதியாகவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்புவோம் என்பது பேச்சு.

எந்த விளையாட்டில் தொடங்குவது?

நடக்கத் தெரிந்தால் ஸ்னோஷூ போடத் தெரியும். அதனால் இருவரும் புதிது என்றால் முதல் நாள் ஸ்னோஷூ. காலணியின் அடியில் அகலமான தட்டு கட்டிக்கொள்வதுதான் விஷயம், எடை பரவுவதால் பனியில் புதையாமல் நடக்கலாம். உங்கள் எடையோடு முதுகுப்பையின் எடையையும் சேர்த்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பழகிவிடும், ஒரு மணி நேரத்தில் தொடை வலிக்கும்.

அடுத்து கிராஸ் கன்ட்ரி, அதாவது சமதளப் பனிச்சறுக்கு. என் கட்சி இதுதான். இதில் குதிகால் கட்டப்படாமல் தூக்க முடியும், காலணி மெத்தென்று இருக்கும், மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். தொடக்கக்காரர்களுக்கான பலகையின் அடியில் மீன் செதில் போல வரிகள் இருக்கும். முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. மெழுகு பூசும் வித்தையெல்லாம் தெரிய வேண்டியதில்லை. இயந்திரம் பனியில் போட்டு வைத்திருக்கும் இரண்டு தண்டவாளக் கோடுகளில் பலகையை வைத்து ஒரு காலை அழுத்தி மறுகாலை வழுக்க விட்டால், ஏழெட்டு அடிக்குப் பிறகு ஒரு கணம் உடம்பு தானாகப் போகும். சரக்... சரக்... என்ற அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. முந்நூறு மீட்டர் கழித்து வியர்த்துவிடும், குளிரில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

மலையிறங்கும் பனிச்சறுக்கும், இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டும் அவருடைய கட்சி. ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம். இரட்டைப் பலகைச் சறுக்கு முதல் நாளே கொஞ்சம் வந்துவிடும், அப்புறம் நன்றாக வர வருடங்கள் ஆகும். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் விழுவதுதான் வேலை, மூன்றாம் நாள் ஏதோ ஒன்று பிடிபட்டு ஓடத் தொடங்கும். வார இறுதி மட்டுமே இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்னோபோர்டில் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு உடைவது அதிகம், இரட்டைப் பலகையில் முழங்காலுக்குத்தான் அடி. ஹெல்மெட் இரண்டுக்கும்.

எனக்குச் சறுக்கத் தெரியும், துணைக்குத் தெரியாது. நானே சொல்லித் தரலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

அவர் எனக்குச் சொல்லித் தந்தார். "முழங்காலை மடக்கும்மா" என்றார். மடக்கினேன். "இன்னும் மடக்கு." அதற்குமேல் என் முழங்கால் எங்கே போகும்? "ரொம்ப சுலபம், சும்மா வா" என்று இருபது மீட்டர் கீழே நின்றுகொண்டு கையசைத்தார். நான் வந்தேன், அவரையும் சேர்த்துக்கொண்டு போனேன். அன்று மாலை வரை பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த முறை இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பலகைகளை முன்னே சேர்த்துப் பின்னே விரித்து ஆப்பு போல வைத்து வேகத்தைக் குறைப்பது எப்படி என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லித் தந்தார்கள். முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை. "காலணியின் முன்நாக்கைக் கணைக்காலின் முன்னெலும்பால் அழுத்துங்கள்" என்றார்கள். முழங்கால் தானாக மடங்கியது.

நீண்டகாலமாகச் சறுக்குபவருக்குத் தன் உடம்பு என்ன செய்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். பயிற்சியாளருக்கு அதைச் சொல்வதுதான் தொழில். துணை வகுப்பில் இருக்கும்போது நீங்கள் உங்களுக்குப் பிடித்த பாதையில் போய் வாருங்கள், மதியம் சேர்ந்து எளிய பாதையில் ஓடலாம்.

பாதை நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

ஐரோப்பாவில் பொதுவாக நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சில நாடுகளில் நீலத்துக்கும் எளிதாகப் பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆக, ஓரிடத்து நீலமும் இன்னோரிடத்து நீலமும் ஒன்றல்ல. நிறம் அந்தத் தளத்துக்குள் ஒப்பிட மட்டும். காலையில் ஐஸாக இருக்கும் நீலம் மதியத்துச் சிவப்பைவிட மோசமாக இருக்கலாம்.

விதிகளில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின்படி, கீழே முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். இருவரும் நின்று படம் எடுத்துக்கொள்வதென்றால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். மேட்டுக்குக் கீழே மறைவில் நிற்கக்கூடாது.

எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துவிடலாமா?

திடீர்ப் பயணத்துக்கு அதுதான் சரி. சாக்ஸ், கையுறை, கண்ணாடி, உள்ளாடை ஆகியவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

வாடகைக் கடையில் நேரம் செலவிட வேண்டியது காலணிக்குத்தான். அளவு உங்கள் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பக்கூடாது. மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும், இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிடும். பலகையின் நீளம் தொடக்கக்காரருக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் நல்லது.

அப்புறம், எடையையும் திறமையையும் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். விழும்போது காலணியைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பிணைப்பின் இறுக்கத்தை உங்கள் எடை, உயரம், வயது, காலணி நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைப்பார்கள். துணை பக்கத்தில் நிற்கிறாரே என்று ஐந்து கிலோவைக் குறைத்துச் சொன்னால் ஓட்டத்தில் பலகை கழன்றுகொள்ளும். கெத்துக்காகத் திறமையைக் கூட்டிச் சொன்னால் பலகை கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும்.

என்ன உடுத்துவது?

மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை நூல், அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ் துணி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி. பருத்தி கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் உடம்பில் ஒட்டிக் குளிரூட்டும். ஜீன்ஸும் பருத்திதான், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று போட்டு வராதீர்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்து, நின்றதும் நடுங்குவீர்கள். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் சூடானது.

வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 20. காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

குளிர்காலத்தில் சன்ஸ்கிரீனா?

ஆமாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், உயரம் 1000 மீட்டர் கூடினால் அந்தக் கதிரும் சுமார் 10 சதவீதம் கூடும். கீழிருந்தும் அடிப்பதால் மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துளையின் ஓரத்திலும் பூசுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் சுற்றினால் இரவில்தான் தெரியும், கண்ணில் மணல் கொட்டியதுபோல.

பனிக்கடியை (கடுங்குளிரில் தோல் உறைந்துபோவதை) எப்படிக் கண்டுபிடிப்பது?

தன் மூக்கைத் தானே பார்க்க முடியாது. இதில் இருவராகப் போவதுதான் வசதி. ஒவ்வொரு லிஃப்ட்டிலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கன்னம், மூக்கு நுனி, காது மடல், கையுறையைக் கழற்றி விரல். தோல் வெளிறியோ சாம்பல் பூத்தோ மெழுகுபோல ஆகிவிட்டால், அதோடு வலி நின்று மரத்துப்போனால், உடனே உள்ளே போக வேண்டும். பனியாலோ கையாலோ தேய்க்கக்கூடாது, திசு கிழியும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம், மறுபடி உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டும். நெருப்பில் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தாலோ தோல் கறுத்தாலோ மருத்துவரிடம்.

ஹைப்போதெர்மியா இதைவிட நயவஞ்சகமானது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை அது. கால் தடுமாறும், கை நழுவும், நாக்கு குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், மோசமாகிவிட்டது என்று அர்த்தம். ஈர உடையை மாற்றி, மூடி, சூடான இனிப்பான பானம் கொடுத்து, உதவிக்கு அழையுங்கள். மது கொடுக்காதீர்கள். அது தோலுக்குக் கீழே உள்ள நாளங்களை விரிப்பதால் சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உள்சூடு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

உறைந்த ஏரியில் நடக்கலாமா?

ஆள் பார்த்துக்கொள்ளும் ஸ்கேட்டிங் தளம் என்றால் தாராளமாக. தெரியாத ஏரி என்றால் நாங்கள் கரையோடு சரி. தெளிவான, கெட்டியான புது ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது பொதுக் கணக்கு. வெண்மையாகக் குமிழியோடு இருக்கும் ஐஸுக்குப் பாதி பலம்தான். ஓடை கலக்கும் இடம், நாணல் ஓரம், பாலத்தின் அடி, இங்கெல்லாம் எவ்வளவு குளிரிலும் மெலிதாக இருக்கும். காரை ஏற்றும் பேச்சே வேண்டாம்.

விழுந்துவிட்டால் 1-10-1 என்பதை நினைவில் வையுங்கள். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தானே உறைநீரில் இறங்கி ஆராய்ந்து பரப்பியது இது. மூச்சு வாங்குவது அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். ஆகவே முதல் நிமிடம் மூச்சைச் சமாளியுங்கள். பிறகு வந்த திசைக்கே திரும்பி, அந்தப் பக்கத்து ஐஸில்தான் நீங்கள் நடந்து வந்தீர்கள் என்பதால், முழங்கையை ஊன்றி, கால்களை நீந்துவதுபோல உதைத்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள். கரையில் இருப்பவர் ஓடிவந்து கை கொடுக்கக்கூடாது. படுத்துக்கொண்டு கயிறோ கம்போ நீட்ட வேண்டும்.

குறிக்கப்பட்ட பாதையை விட்டு வெளியே போகலாமா?

பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அந்தச் சரிவைக் கிளப்பியவர் அவரே அல்லது கூட வந்தவர். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் நடக்கிறது. கண்ணுக்கு அழகாகவும் சறுக்க ஆசையாகவும் இருப்பது அதே சாய்வுதான் என்பது சோதனை. அபாய அளவு 1 முதல் 5 வரை அறிவிக்கப்படும். 3 நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். அந்த 3 அன்றுதான் நிறையப் பேர் இறக்கிறார்கள், ஏனென்றால் 5 அன்று யாரும் வெளியே வருவதில்லை.

போவதென்றால் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைத் தேடுகருவி, பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். "நாம் இரண்டு பேர்தானே, ஒரு செட் போதும்" என்று ஒரு நண்பர் சொன்னார். மண்வாரி வைத்திருப்பவர் புதைந்தால் மற்றவர் எதை வைத்துத் தோண்டுவார்? முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அப்புறம் செங்குத்தாக இறங்கும். மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. உங்கள் துணைதான் மீட்புக்குழு.

போகலாம், வேண்டாம் என்று இருவருக்கும் ஒத்துவராவிட்டால்?

எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: போதும். யார் சொன்னாலும், எந்த இடத்தில் சொன்னாலும், திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்பது காருக்குள் உட்கார்ந்து ஹீட்டர் போட்ட பிறகுதான். ஒருவர் "போகலாம்" என்று எத்தனை முறை சொன்னாலும் மற்றவரின் ஒரு "போதும்" அதை வெல்லும்.

இது வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு கணவாய்க்கு நாற்பது நிமிடம் முன்னால், பனி கனமாக விழத் தொடங்கியது. எதிரே வண்டிகள் வருவது நின்றிருந்ததை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை, பயந்தாங்கொள்ளி என்பாரோ என்று. அவர் வாய் திறக்கவில்லை, இவ்வளவு ஆசையாக வந்தவள் ஏமாந்து போவாளோ என்று. இருவரும் ஒருவருக்காக ஒருவர் பேசாமல் மேலே ஏறிக்கொண்டே இருந்தோம். கடைசியில் சாலையை அடைத்திருந்த தடுப்புக் கம்பிதான் எங்களுக்காகப் பேசியது. திரும்பி இறங்க மூன்று மணி நேரம். கீழே வந்து காரை நிறுத்தியதும் அவர் கேட்டார்: "உனக்கு எப்போ பயம் வந்துச்சு?" "அந்தச் சின்னப் பாலத்துக்கிட்ட. உங்களுக்கு?" "அதுக்கும் முன்னாடி."

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

களைப்பாக இருக்கும், தெரியும். இருந்தாலும் மறுநாளே காரின் அடிப்பக்கத்தில் உப்பு போகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும். காலணியின் உள்உறையை வெளியே இழுத்துக் காயவையுங்கள், ஹீட்டர்மேல் வைக்காமல். செயினைக் கழுவி உலர்த்திப் பையில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த முறை துருக்கட்டியாக வரும்.

டிக்கிப் பெட்டியை அன்றிரவே நிரப்பிவிடுங்கள். தின்பண்டம், விளக்குக்குப் பேட்டரி, மணல். அடுத்த வெள்ளிக்கிழமை யார் முதலில் "போகலாமா?" என்று கேட்பார்கள் என்று தெரியாதே.